பம்மல் சம்பந்த முதலியார்: முதல் இருபது ஆண்டுகள்

தமிழ் நாடகத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதப் புகுவார் எவரும் 1891ஆம் ஆண்டிற் சற்றுத் தரித்து நின்றே அப்பாற் செல்லல் வேண்டும். அவ்வாண்டில் மூன்று நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று அறியாமலே நடந்தேறின. திருவனந்தபுரத்திற் பேராசிரியராயிருந்த சுந்தரம் பிள்ளை மனோன்மணீயம் என்னும் செய்யுள் நாடகத்தை வெளியிட்டார். தூத்துக்குடியிற் பிறந்த சங்கரதாசர், பின்னாளிற் சுவாமிகள் என்று நாடக உலகம் போற்றிய பெரியார், தமது இருபத்துநான்காம் வயதில் நாடகத் தொழிலுக்குட் புகுந்தார். சென்னையிற் கல்லூரி மாணவர் ஒருவர் தம் நண்பர் சிலரைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபை என்றொரு நாடக சபையைத் தொடங்கினார். அம்மாணவருக்கு அப்போது வயது பதினெட்டு. அவரே பம்மல் விஜயரங்க சம்பந்த முதலியார்.

முன்னைய இருவருள் ஒருவர் படிப்பதற்குரிய நாடகத்தைத் தந்தார். மற்றவர் தொழில்முறை மேடைக்கு இசையும் இலக்கியமும் ஊட்டினார். சம்பந்த முதலியார் செய்த தொண்டு வேறு வகையானது. கற்றவன் மேடையேறலாமா என்ற வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்தார் அவர். அவ்விடையின் பயனை நம் குடாநாட்டுக் கல்லூரி மேடைகள் நெடுங்காலமாக அனுபவித்து வருகின்றன. பயனை அனுபவிப்போர் அதனைத் தேடித்தந்தவரின் இளமைக் காலத்தைச் சிறிது அறிந்திருத்தல் முறையாகுமாதலின், பழைய மாணவர் வெளியிடும் இம்மலரில் அவருடைய முதல் இருபது ஆண்டு நாடக வாழ்வைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம்.

சம்பந்தம் 1873ஆம் ஆண்டிற் சென்னையிற் பிறந்தார். பம்மல் என்பது பல்லாவரத்தை அடுத்துள்ள ஊர். குடும்பத்தின் பூர்வீக இடமாதலின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தந்தையார் விஜயரங்க முதலியார் கல்வி இலாகாவிற் பாடசாலைப் பரிசோதகராகப் பணியாற்றியவர். தமிழ் நூல்களை அச்சேற்றுவதிலும் ஊக்கங் காட்டியவர். அச்சுப்படிகளும் புத்தகங்களும் நிறைந்த வீட்டில் வளர்வது ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் பெரும் பேறு. தாயார் மாணிக்கவேலு அம்மையார் பாரத இராமாயணக் கதைகளையும் புராணக் கதைகளையும் மைந்தனுக்குச் சொல்லி வந்தார். தந்தையிடமிருந்து எழுத்தின்மேற் பற்றும், தாயிடமிருந்து கதையின்மேற் காதலும் இவ்வாறு அவருக்கு வாய்த்தன. பச்சையப்பன் பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் அவர் கல்வி பயின்றார்.

இவ்விடத்து வியப்பான செய்தி ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். தமிழ் நாடகத்தின் தந்தையென்று பிற்காலத்தார் போற்றிய இவருக்கு இளமையிலே தமிழ் நாடகத்தின்மீது வெறுப்பே இருந்தது. ஆங்கில நாடகங்களைத் தந்தையாரோடு சென்று கண்டு மகிழ்ந்தவர், தமிழ் நாடகக் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் பாராதவராக இருந்தார். இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய மனநிலையன்று. அக்காலத்து ஆங்கிலங் கற்ற இளைஞர் பெரும்பாலாரின் மனநிலை அதுவே.

அவ்வெறுப்பிற்குக் காரணம் இல்லாமலில்லை. அந்நாளைய தொழில்முறை நாடகம் இரவிலே தொடங்கி விடியும்வரை நீளும். பாட்டே பிரதானம், வசனம் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வந்து நிற்கும் கைத்தாங்கல். எழுதி வைத்த உரையாடல் அருமையாதலால், நடிகர் தத்தமக்குத் தோன்றியவாறு பேசுவர். ஒருவரையொருவர் மடக்குவதற்காகக் கதைக்குப் புறம்பான வாதங்களையும் இழுப்பர். அரசன் அழவேண்டிய இடத்தில் ஒரு கீர்த்தனத்தை விரிவாக ஆலாபனம் செய்வான். சபையோர் மறுமுறை கேட்டால் மீண்டும் பாடுவான். இறந்து வீழ்ந்தவன் எழுந்து பாடிவிட்டு மறுபடி இறப்பதும் உண்டு. இவற்றையெல்லாம்விட, நடிப்பைத் தொழிலாகக் கொண்டோரைச் சமுதாயம் கூத்தாடி என்ற ஒரு சொல்லால் ஒதுக்கி வைத்திருந்தது. அவர்தம் கலையைக் கண்டு இரவு முழுவதும் களிக்கும் ஊர், விடிந்ததும் அவரைத் தன் திண்ணையிலும் சமமாக இருத்தாது.

நம் நாட்டு நிலையும் ஏறத்தாழ இதுவே. கோயில் வெளியிலும் அறுவடை முடிந்த வயல்வெளியிலும் அண்ணாவிமார் பழக்கிய கூத்துகள் விடியவிடிய நடந்தன. கூத்தை விரும்பாத ஊர் இல்லை. ஆயினும், ஆங்கிலக் கல்வி கற்று அரசாங்க உத்தியோகத்தை நோக்கி நின்ற இளைஞன் அக்களரியில் ஏறுவதைக் குடும்பத்தார் பொறுப்பதில்லை. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி வண்ணார்பண்ணையில் நிலைபெற்றது 1890ஆம் ஆண்டில். அந்நாளில் அதிற் பயின்ற மாணவன் ஒருவன் நாடகத்தில் ஆட விரும்பியிருப்பின், அவன் தந்தை என்ன சொல்லியிருப்பார் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நிற்க. சம்பந்தத்தின் மனத்தை மாற்றியது சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் 1891இல் நடந்த தெலுங்கு நாடகம். பல்லாரியிலிருந்து சரச விநோதினி சபை என்ற குழு அங்கு வந்திருந்தது. அதன் தலைவர் தர்மவரம் இராமகிருஷ்ணமாசாரியார் வழக்கறிஞர். தாமே நாடகம் எழுதித் தாமே தலைமை வேடம் பூண்டு நடிப்பவர். பின்னாளில் ஆந்திர நாடகத்தின் பிதாமகர் என்ற பெயர் பெற்றவர். அவரோடு நடித்தவரும் வழக்கறிஞரும் ஆசிரியரும் உத்தியோகத்தருமே. அரிதாரம் பூசி நிற்பவர் கற்றறிந்த கனவான்கள் என்பதை அறிந்தபோது இளைஞர் சம்பந்தத்தின் கண் திறந்தது. குறை நாடகம் என்ற கலையில் இல்லை, அது கையாளப்பட்ட முறையிலேயே உள்ளது என்பதை அவர் உணர்ந்தார். தெலுங்கர் செய்ததைத் தமிழர் ஏன் செய்தலாகாது என்ற எண்ணம் அவரைப் பற்றிக்கொண்டது.

எண்ணம் எழுந்தது பெரிதன்று, பலருக்கும் எழுவதே. அது ஆறுமுன்னர் செயலாயிற்று என்பதே பெரிது. 1891 ஜூலை 1ஆந் தேதி சுகுண விலாச சபை தோன்றியது. உறுப்பினர் அனைவரும் இளைஞர். மேடையுமில்லை, உடையுமில்லை, திரைச்சீலையுமில்லை. நடிப்பதற்கு நாடகமும் இல்லை. சந்தாப் பணத்தைச் சேர்த்து ஒவ்வொன்றாகத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. சபையின் அடிப்படை விதி ஒன்று நம் கவனத்திற்குரியது. நடிப்பவர் எவரும் ஊதியம் பெறலாகாது; வரும் பணம் சபைக்கே உரியது. அமெச்சூர் என்று ஆங்கிலத்தார் கூறும் இம்முறையைத் தமிழ் நாடகத்தில் உறுதியாக நிலைநாட்டிய சபை இதுவே.

சபைக்கு நாடகம் வேண்டும். தகுந்த நாடகம் கிடைக்கவில்லை. ஆதலின் தாமே எழுதத் துணிந்தார் சம்பந்தம். புஷ்பவல்லி என்பது அவர் எழுதி 1893இல் மேடையேறிய முதல் நாடகம். அப்போது அவர் கல்லூரி மாணவர். எழுதினவரும் அவரே, பயிற்றினவரும் அவரே, நடித்தவர்களில் ஒருவரும் அவரே. பல ஆண்டுகளின் பின் தம் நாடகமேடை நினைவுகளை எழுதப் புகுந்தபோது, தொடக்ககால முயற்சிகளின் குறைகளை அவர் மறைக்க முயன்றாரல்லர். கன்னிப் படைப்பைத் தாமே எடைபோட்டுப் பார்க்கும் நெஞ்சுறுதி எல்லா ஆசிரியருக்கும் அமைவதன்று.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் எழுதுகோல் ஓய்ந்ததேயில்லை. 1895ஆம் ஆண்டளவில் லீலாவதி சுலோசனா, மனோகரா என்னும் இரண்டு நாடகங்கள் வெளிவந்தன. முன்னையது உடன்பிறந்த இரு பெண்களிடையே எழும் பொறாமையின் விளைவைக் காட்டுவது. சபைக்கு நல்ல பெயரைத் தேடித் தந்தது. பின்னையதோ ஆசிரியரின் பெயரைத் தமிழ் கூறும் நிலமெங்கும் பரப்பியது.

மனோகராவின் கதையை நம்மவருட் பலர் திரைப்படத்தின் வாயிலாகவேனும் அறிவர். புருஷோத்தமன் என்னும் அரசன் வசந்தசேனை என்பாளின் மயக்கில் வீழ்ந்து, பட்டத்தரசி பத்மாவதியையும் மைந்தன் மனோகரனையும் புறக்கணிக்கின்றான். மனோகரன் மாவீரன், தந்தையை மயக்கியவளைத் தண்டிக்கும் ஆற்றல் அவன் தோளில் உண்டு. தாய் இட்ட ஆணையோ அவன் கையைத் தடுத்து நிறுத்துகின்றது. பகையை வெல்ல வல்லவன் தன்னை வெல்ல வேண்டியவனாகின்றான். இரும்புச் சங்கிலியாற் பிணிக்கப்பட்டு அவன் அரசவையில் நிற்கும் கட்டத்திலே, உடலைக் கட்டிய சங்கிலியினும் உள்ளத்தைக் கட்டிய தாய்ச்சொல் வலியது என்பதைச் சபையோர் கண்ணாற் காண்கின்றனர். வீரத்திற்கும் பணிவிற்கும் இடையே நிகழும் இப்போராட்டம் பாட்டினால் விளங்குவதன்று. சொல்லினாலும் மெய்ப்பாட்டினாலும் விளங்குவது. அதனாலேயே இந்நாடகம் பிற நாடகங்களினின்றும் வேறுபட்டு நின்றது. இதனை எழுதியபோது ஆசிரியருக்கு வயது இருபத்திரண்டு.

மனோகரனாக அவரே நடித்தார். இசைப் புலமையாற் சபையோரைக் கவர்ந்த நடிகர் அல்லர் அவர். பாட்டிற் குறைந்ததைப் பேச்சிலும் நடையிலும் முகக்குறிப்பிலும் நிறைத்துக்கொண்டார். மனோகரனுடைய மனைவி விஜயாள் போன்ற பெண் பாத்திரங்களை ஏற்று, நெடுங்காலம் அவருக்கு இணையாக மேடையில் நின்றவர் சி. ரங்கவடிவேலு. அக்காலத்திற் கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் மேடையேறுதல் நினைக்கவும் முடியாதது. ஆதலின் ஆடவரே பெண் வேடம் பூண்டனர். ரங்கவடிவேலுவின் நடிப்பைக் கண்டோர் அவர் ஆண் என்பதை மறந்தனர் என்பர். இவ்விருவரின் நட்பு மேடைக்கு வெளியேயும் நிலைத்தது. நினைவு நூலில் ஆசிரியர் இந்நண்பரைக் குறித்து எழுதியுள்ள பகுதிகள் உள்ளத்தை உருக்குவன.

இனி, அவர் கையாண்ட முறையைச் சிறிது நோக்குவோம். முதலாவது, நாடகம் முழுவதும் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். எழுதியதை நடிகர் மனனம் செய்தல் வேண்டும். தம் மனம்போனபடி கூட்டலும் குறைத்தலும் ஆகா. இரண்டாவது, ஒத்திகை பலமுறை நடைபெறல் வேண்டும். அரசன் வேடத்தானும் காவலன் வேடத்தானும் அதற்கு ஒருங்கே வரல் வேண்டும். மூன்றாவது, அறிவித்த நேரத்தில் திரை தூக்கப்படல் வேண்டும். விடியும்வரை நீண்ட நாடகம் சில மணி நேரத்துள் அடங்கியது. மறுநாட் காலையிற் கந்தோருக்குச் செல்ல வேண்டியவனும் வந்து பார்க்கக் கூடியதாயிற்று. நான்காவது, வசனத்திற்கே முதலிடம். பாட்டு வேண்டிய இடத்தில் வேண்டிய அளவே. இவை இன்று நமக்கு வெகு சாதாரணமாகத் தோன்றும். சாதாரணமாகத் தோன்றும்படி ஆக்கியதே அவர் வெற்றி.

பெரிய திருத்தங்கள் பலவும் இவ்வாறான கட்டுப்பாட்டினாலேயே நடைபெறுகின்றன. பாரிசிலே எரிவாயுக் கம்பனியொன்றில் எழுதுவினைஞராயிருந்த அந்துவான் என்பவர் 1887இல் தொடங்கிய சிறு சபை பிரெஞ்சு நாடகத்தின் போக்கை மாற்றியது. மாஸ்கோவில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி முதலில் நடத்தியதும் பொழுதுபோக்காக நடிப்போரின் சபையே. அமெரிக்க நாட்டில், பின்னர் நோபெல் பரிசு பெற்ற யூஜீன் ஓநீல், தம் முதல் நாடகம் மேடையேறக் கண்டது 1916இல் ஒரு மீன்பிடி ஊரின் துறைமுகக் கொட்டிலில். நடித்தவர் அவருடைய நண்பர்களும் எழுத்தாளருமே. இவர்களுட் சம்பந்தம் எவரையும் பின்பற்றினாரல்லர். ஓநீலுக்கோ அவர் இருபத்துமூன்று ஆண்டு முந்தியவர். கூலி கருதாது கலையை விரும்பினோர் சிலர் ஒன்றுகூடிய இடத்தில் நாடகம் புத்துயிர் பெற்றது என்பதற்குச் சென்னையும் ஒரு சான்று என்பதே நாம் கூற வருவது.

நாடகத்தில் இவ்வளவு ஈடுபட்டவர் கல்வியையும் தொழிலையும் கைவிட்டிருப்பார் என்று எவரேனும் எண்ணினால் அது தவறு. பி.ஏ. பட்டம் பெற்றபின் சட்டங் கற்று 1898இல் வழக்கறிஞரானார். பகலில் நீதிமன்றம், மாலையில் ஒத்திகை, இரவில் எழுத்து என அவர் நாட்கள் கழிந்தன. நாடகம் ஆடுவோன் உருப்படமாட்டான் என்று கூறிய உலகத்திற்கு அவர் வாய்ச்சொல்லால் மறுமொழி கூறவில்லை. 1924இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாக நியமனம் பெற்று 1928இல் இளைப்பாறியதே அவர் அளித்த மறுமொழி. மேடையில் நின்றமை நீதியாசனத்தில் அமர்வதற்கு இழுக்காகவில்லை.

அவர் ஒருவர் மட்டுமா? சபையிற் சேர்ந்து நடித்தோரின் பெயர்களைப் பார்த்தால் வியப்பே மேலிடும். உயர்நீதிமன்ற நீதிபதியாக விளங்கிய வி. வி. சீனிவாச ஐயங்கார் கல்லூரிக் காலந்தொட்டு அவருக்கு உற்ற நண்பர். சபையின் தூண்களில் ஒருவர். தேசியத் தலைவர் சத்தியமூர்த்தி இச்சபை மேடையில் நடித்தவர். தமிழ் நாடகம் மட்டுமன்றித் தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம், ஆங்கிலம் ஆகிய மொழி நாடகங்களும் அங்கு நடைபெற்றன. கூத்தாடி என்ற சொல்லை இத்தகையோர்மீது வீச எவர் துணிவர்? இழிசொல்லொன்று சட்டத்தினாலோ கண்டனத்தினாலோ ஒழிவதில்லை; அதனைச் சொல்வதற்கு நாணும் நிலை ஏற்படும்போதே ஒழிகின்றது.

சேக்ஸ்பியர் மகாகவியைத் தமிழ் மேடைக்கு அழைத்து வந்ததும் இக்காலத்தே நிகழ்ந்தது. ஹாம்லெத் அமலாதித்தனானான், மாக்பெத் மகபதியானான், வெனிசு நகர வணிகன் வாணீபுர வணிகனாக வந்தான். பெயரை மட்டும் மாற்றியதோடு அவர் நின்றாரல்லர். அரசவை, உறவுமுறை, நம்பிக்கை, பழக்கம் அனைத்தையும் தமிழர்க்கு இயைந்தனவாக மாற்றியமைத்தார். ஆங்கிலம் அறியாத பார்வையாளன் இவை பிறநாட்டுக் கதையென்ற எண்ணமின்றியே இன்பம் நுகர்ந்தான். நம் நாட்டவரான விபுலாநந்த அடிகள், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராயிருந்து பின் துறவறம் பூண்டவர், சேக்ஸ்பியர் நாடகங்களை வடமொழி நாடக இலக்கணத்தோடும் தமிழ் மரபோடும் பொருத்தி ஆராய்ந்து மதங்க சூளாமணியை வெளியிட்டது 1926இல். புலவர் ஆராய்ந்ததை நடிகர் அதற்கு முன்னரே மேடையில் ஆடிக் காட்டியிருந்தனர் என்பது மகிழ்ச்சிக்குரியது.

துன்பக் கதைகளே அவருக்குக் கைவந்தவை என்று கருதற்க. சபாபதி என்னும் நகைச்சுவை நாடகத்தில், அறிவு மந்தமான வேலைக்காரனையும் அவன் எஜமானையும் வைத்து அவர் மூட்டிய சிரிப்பு இன்றும் அடங்கவில்லை. 1941இல் அது திரைப்படமாயிற்று. அவர் வாழ்நாளில் எழுதிய நாடகங்கள் எண்பதுக்கு மேற்பட்டவை. அவற்றைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். தம் நாடகத்தை ஆடிப் பொருளீட்டும் குழுக்கள் ஆசிரியனின் இசைவு பெற்று அவனுக்குரிய பங்கை அளித்தல் வேண்டும் என்பதிலும் உறுதியாக நின்றார். நடிப்பதற்குக் கூலி வாங்காதவர் எழுத்துக்குக் கூலி கேட்டது முரண்போலத் தோன்றலாம். ஆராய்ந்தால் முரணில்லை. பிறர் ஊதியம் பெறும் இடத்தில் எழுத்தாளன் மட்டும் வெறுங்கையோடு நிற்றல் முறையன்று என்பதே அவர் கொள்கை.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1905இல் யாழ்ப்பாணத்திற்கும் கொழும்பிற்கும் புகையிரதப் பாதை இணைந்தபின், நம் குடாநாட்டு இளைஞர் பெருந்தொகையினர் கொழும்பு நகரின் அரசாங்கக் கந்தோர்களிலும் வர்த்தக நிலையங்களிலும் உத்தியோகம் பார்த்து வந்தனர். 1911இல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையாருடன் கொழும்பிற்கு வந்து நாடகங்களை நடத்தினார். தலைமன்னார்க் கப்பல் சேவை தொடங்காத காலம் அது. நாடகத்துக்குரிய உடைகளோடும் திரைகளோடும் கடல் கடந்து வருதல் எளிய காரியமன்று. சென்னையிலே இருபது ஆண்டுகளுக்கு முன் பல்லாரியார் இவருக்கு எதனைச் செய்தனரோ, அதனையே கொழும்பிலே இவர் நம் இளைஞருக்குச் செய்தார். மேடையில் நின்றவர் வழக்கறிஞர். அவரைச் சூழ நின்றவர் பட்டதாரிகள். பார்த்துக்கொண்டிருந்த நம்மவர் உள்ளத்தில் நாமும் செய்தல் கூடும் என்ற துணிவு பிறந்தது.

அத்துணிவின் பயனாக 1913இல் கொழும்பிலே இலங்கை சுபோத விலாச சபை தோன்றியது. மறு ஆண்டில் யாழ்ப்பாணத்திற் சரஸ்வதி விலாச சபை எழுந்தது. பெயர்களே அவற்றின் குருபரம்பரையைக் காட்டும். இம்முயற்சிகளில் முன்னின்றவர் கலையரசு என்று ஈழநாடு கொண்டாடிய சொர்ணலிங்கம். 1889இற் பிறந்த அவர் சம்பந்த முதலியாரைத் தம் நாடகக் குருவாக வரித்துக்கொண்டார். வாணீபுர வணிகனிலே வட்டிக்காரன் வேடத்தை ஏற்று அவர் நடித்த திறம் நம் நாட்டார் நாவில் நெடுங்காலம் நின்றது. முதுமையில், ஈழத்தில் நாடகமும் நானும் என்ற நூலை 1968இல் வெளியிட்டுத் தம் குருவுக்குரிய கடனையும் அவர் தீர்த்துக்கொண்டார். அவர் 1982இல் மறையும்வரை, பம்மலார் வகுத்த நேர ஒழுங்கும் ஒத்திகை ஒழுங்கும் நம் மண்ணில் ஒரு மனிதரின் உருவத்தில் நடமாடின எனலாம்.

ஆசிரியரும் உத்தியோகத்தரும் நடிக்கத் தொடங்கிய பின்னர், மாணவர் நடிப்பதைத் தடுப்பார் யார்? கல்லூரி விழாக்களில் தமிழ் நாடகம் இடம்பெறுவதற்குரிய வாயில் இவ்வாறு திறந்தது. மேடையிற் பேசிப் பழகிய மாணவன் நீதிமன்றத்திலும் வகுப்பறையிலும் பொதுக்கூட்டத்திலும் நாநடுக்கமின்றி நின்றான்.

புகழ்ச்சி மட்டுமே உரைத்து நிறுத்துதல் வரலாறாகாது. அவருடைய நாடகங்கள் பல அரசரையும் அரண்மனையையும் விட்டு வெளிவராதவை. வசனநடை இன்றைய காதுக்கு நீண்டொலிக்கும். பெண்கள் மேடையேறுதற்குரிய கதவைச் சபை அந்நாளில் திறக்கவில்லை. இவற்றினும் ஆழ்ந்து எண்ணத்தக்க குறையொன்று உண்டு. கற்றோர் மேடையேறியதால் நாடகம் கௌரவம் பெற்றது உண்மை. அக்கௌரவம் கூலிக்கு ஆடிய ஏழை நடிகனையும் உடனே சென்றடைந்ததா? இல்லை. வழக்கறிஞர் வேடம் கலைத்ததும் வழக்கறிஞராயினார். கூத்தன் வேடம் கலைத்தும் கூத்தனாகவே ஒதுக்கப்பட்டான். நம் நாட்டிலும், விலாச சபைகளைப் பாராட்டிய அதே பெரியோர் அயற் கிராமத்து அண்ணாவியாரை நாடகாசிரியராக மதிக்கவில்லை. பேராசிரியர் வித்தியானந்தன் 1962இல் பேராதனையிற் கர்ணன் போரை மேடையேற்றி, கூத்தும் பல்கலைக்கழகத்திற்குரிய கலையே எனக் காட்டும்வரை அந்நிலை பெரிதும் மாறவில்லை.

இக்குறை சம்பந்த முதலியார் ஒருவர்மேற் சுமத்தத் தக்கதன்று. தொழில்முறைக் குழுக்களோடு அவர் உறவு பூண்டே இருந்தார். அவர் நாடகங்களை அவை ஊர்தோறும் ஆடின. மனோகரா சென்னைச் சபையின் சொத்தாக மட்டும் அடங்கிவிடாமல், பாய்ஸ் கம்பனிச் சிறுவரின் வாயிலும் ஒலித்தது. சங்கரதாச சுவாமிகள் வளர்த்த இசைநாடகமும் இவர் வளர்த்த வசனநாடகமும் ஒன்றையொன்று அழித்தனவல்ல. 1891இல் தனித்தனியே புறப்பட்ட இரண்டு ஆறுகள், பின்வந்த நடிகர் தலைமுறையிற் கலந்து பாய்ந்தன.

பிற்கால வாழ்வைச் சில வரிகளிற் கூறி அமைவோம். நாடகமேடை நினைவுகள் என்ற தலைப்பிற் பல பாகங்களாக அவர் எழுதிய நூல், தமிழ் நாடக வரலாற்றுக்கு இன்றும் முதன்மையான ஆதாரமாகும். 1936இல் வெளியான மனோகரா படத்தில், இளமையில் மகனாக நடித்தவர் தந்தை புருஷோத்தமனாகத் தோன்றினார். 1954இல் அக்கதை மீண்டும் படமாகி, சிவாஜி கணேசனின் நடிப்பாற் பெரும்புகழ் எய்தியது. இந்திய அரசாங்கம் 1959இல் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தது. 1964 செப்டெம்பர் 24ஆந் தேதி, தொண்ணூற்றொரு வயது நிறைவெய்திய நிலையில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பதினெட்டு வயது இளைஞர் சிலர், கையிற் பணமின்றி, பெரியோர் ஊக்கமின்றி, கூடிச் செய்த தீர்மானமொன்று கடல் கடந்தும் பயன் விளைத்தது. அவர்கள் கொண்டிருந்தவை இரண்டே: தம் மொழியின்மேற் பற்று, ஏற்ற கருமத்தை ஒழுங்காக முடிக்கும் கட்டுப்பாடு. பழைய மாணவராகிய நாம் நம் கல்லூரிக்குக் கட்டடமும் நூல்நிலையமும் விளையாட்டுமைதானமும் தேடித் தருகின்றோம், நல்லது. அவற்றோடு, ஆண்டுதோறும் ஒரு புதிய தமிழ் நாடகம் நம் மாணவர் கையால் எழுதப்பட்டு நம் மேடையில் ஏறுவதற்கு வேண்டிய பொருளையும் உதவுவோமாயின், பம்மலாருக்கு நாம் பட்ட கடனிற் சிறுபகுதியேனும் தீரும். அந்நாடகத்தைப் பழக்குதற்கு அயலூர் அண்ணாவியார் ஒருவரையும் அழைத்து, ஆசிரியருக்குரிய ஆசனத்தை அவருக்கும் இடுவோமாயின், பம்மலார் காலத்தில் நிறைவேறாது நின்ற பகுதியும் நம் காலத்தில் நிறைவெய்தும்.